குங்குமப் பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

2004 ஜூன் 14, திங்கள்

மழை. விடிந்த பிறகும் விடியாத மாதிரி.

எழுதுவதற்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்தத் தாளிடம்தான் போல. நல்ல வழவழப்பான டயரி. பாதி வருஷம் போன பிறகு பவானி டீச்சர் தந்தது. "கதைக்கிறேல்லை எண்டால் எழுதியாவது பாரும் பிள்ளை. உள்ளுக்கையே வச்சிருந்தால் புளிச்சுப் போகும்." அவர் யாழ்ப்பாணம். நான் தொண்டராசிரியையாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். இனி ப.டீ.

பெரிதாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இன்று வேண்டாம்.

குடைக் கம்பி ஒன்று முறிந்தது. வலது பாதத்தில் அட்டை. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

காலையில் அப்பாவின் வேனில். ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்து, கப்பலில் வந்து, கொழும்பில் புதுப் பூச்சு பூசிக்கொண்டு, இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே ஓடுகிற சின்ன வேன். தோட்டத்துக் கொழுந்து லொறி வேலையை விட்ட பிறகு அப்பா வாங்கியது. இதைத்தான் வாங்க வேண்டும் என்று நின்றதற்குக் காரணம், ஸ்டியரிங் லேசு. மோட்டார் வைத்த ஸ்டியரிங். "லொறி ஸ்டியரிங் எரும மாடு. இது கோழிக்குஞ்சு" என்று அப்போது சொன்னார்.

முன்னால் ப.டீ. அவருக்குப் பின்னால் நான். அங்கிருந்து மீட்டர்ப் பலகை தெரியும். அம்மா வெள்ளிக்கிழமை வைத்த சந்தனம், குங்குமம். மேலே ஒன்று, ஸ்டியரிங் நடுவில் ஒன்று. மீட்டர்க் கண்ணாடியில் ஒன்று, அது மட்டும் ஒரு ஓரமாக.

ரோட்டோரம் சாமிக் கல் நிற்கிற மாடசாமி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பொட்டு எரிந்தது. உள்ளிருந்து. குங்குமம் தணல் மாதிரி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எரிந்துகொண்டே இருந்தது.

அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு வளைவைத் திருப்பினார். கையால் அல்ல. முழு உடம்பால்.

"என்னா தொர, வண்டிக்குக் காச்சலா?" பின்னால் இருந்து ராமையா மாமா. டவுனில் துணிக்கடையில் நிற்கிறவர். யாரையும் சும்மா விடமாட்டார். அப்பாவை எல்லாரும் தொர என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மழைக்கு ரோட்டு கனக்குதுடா" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை.


ஜூன் 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

அந்தப் பொட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங் மோட்டாரின் எச்சரிக்கை விளக்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷ ஆய்வு வேலைக்கு எனக்குக் கொடுத்தது இப்படி ஒரு ஸ்டியரிங் தண்டுதான். எந்தக் காரிலிருந்து கழற்றியதோ. ஒரு வருஷம் அதோடு இருந்தேன். மனிதர்களோடு பேசியதைவிட அதனோடு அதிகம்.

அங்கே கரும்பலகையில் கிறுக்கியது போல இங்கும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். தண்டின் நடுவில் மெல்லிய உருக்குக் கம்பி. ஓட்டுகிறவர் திருப்பும்போது இம்மியளவு முறுகும். எவ்வளவு முறுகியது என்று ஒரு சென்ஸர் சொல்லும். அதைக் கேட்டுத்தான் மோட்டார் எந்தப் பக்கம், எவ்வளவு உதவுவது என்று கணினிப் பெட்டி முடிவு செய்யும்.

ஆனால் சென்ஸருக்குள் ஒரு கண் இல்லை, இரண்டு. இரண்டும் ஒரே கம்பியைப் பார்க்கின்றன. இரண்டும் ஒன்றையே சொல்லும்வரை மோட்டார் உதவும். வேறு வேறாகச் சொன்னால் பெட்டி இரண்டையுமே நம்பாது. மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கை ஏற்றும். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டுகிறவர் கையில்.

எங்களுக்கு அந்த நிலைக்குப் பெயர் "பாதுகாப்பான நிலை". கேள்வி வந்தால் எழுதவேண்டிய பதில்: ஓட்டுநர் தன் கைப்பலத்தால் வண்டியைத் திருப்பிக்கொள்வார். எந்த ஓட்டுநர் என்று யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் வலது கை. நான் பார்த்தவை:
— தலை சீவுவது இடது கையால். சின்ன வயதில் நான் பார்த்தது வலது.
— சட்டை மாட்டும் ஆணி சுவரில் கீழே இறங்கியிருக்கிறது.
— குளிக்கும்போது அம்மா தண்ணீர் ஊற்றுகிறார். முதுகு தேய்க்கிற சாக்கில்.
— சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தல் கட்ட ஆள் கூப்பிட்டபோது வேனைக் கழுவப் போய்விட்டார்.

கொழுந்து லொறியை அத்தனை வருஷம் முறுக்கியதில் அந்தத் தோள் தேய்ந்துபோனது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த லொறிதான் என்னைப் பேராதனைக்கு அனுப்பியது.

பக்கத்து லயத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வந்தார். "இஞ்சினியரம்மா, எங்க அயன் பொட்டி சூடேற மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக் குடுங்க." பார்த்துக் கொடுத்தேன். இதுவரை என் பட்டத்துக்குக் கிடைத்த வேலை இதுதான். வேலைக்கு எழுதிப் போட்டதற்குக் கொழும்பிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை.


ஜூன் 17, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா கராஜில் நிறுத்தினார். சுனில் பாஸ், வயரிங் வேலைக்காரர். நான் பின் சீட்டிலேயே இருந்தேன், மடியில் கணக்குக் கொப்பிகள். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து ஏதோ செய்தார். கால்கள் மட்டும் வெளியே.

எழுந்து கை துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, உள்ளுக்கு ரெண்டு வயர் சண்ட. ஒண்ணு சரி, ஒண்ணு ஈரத்துக்குப் பொய் சொல்லுது. பொய் சொல்றத வெட்டிட்டேன். நல்ல வயர்ல இருந்தே ஒரு துண்டு எடுத்து ரெண்டு எடத்துக்கும் குடுத்தேன். இனி சண்ட இல்ல. லைட் எரியாது. ஹரி?"

"ஹரி, ஹரி" என்றார் அப்பா, சரி சரி என்று சிங்களத்திலேயே. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகம்.

மேலே ஏறும்போது ஒரே விரலால் திருப்பிக் காட்டினார். "பாத்தியா பாப்பா? கோழிக்குஞ்சு."

நான் "ஆமாப்பா" என்றேன்.

ஆமாப்பா.


அதே நாள், விளக்கு வைத்த பிறகு

சாப்பிட முடியவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன்.

ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டு, இருக்கிற கண் சொல்வதையே இரண்டு பேர் சொல்வது போலப் பெட்டிக்குக் காட்டுகிறார்கள். இனிச் சண்டையே வராது. அந்த ஒரு கண்ணும் ஒருநாள் பொய் சொன்னால், அப்பா வலது பக்கம் முறுக்குகிறார் என்று மோட்டார் நம்பும். அவர் நேராகப் பிடித்திருப்பார். மோட்டார் வலது பக்கம் இழுக்கும். அவருடைய கையைவிடப் பலமாக.

வலது பக்கம் பள்ளம். மாடசாமி வளைவில்.


ஜூன் 18, வெள்ளி

அம்மா கொழுந்தெடுக்கிற ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வேனுக்குப் பொட்டு வைத்தார். வழக்கம்போல மீட்டர்க் கண்ணாடியில் அந்த ஓரத்தில். நான் குடையோடு நின்றேன்.

"அங்க ஏம்மா வைக்கிறீங்க?"

அம்மா விரலில் ஒட்டிய குங்குமத்தைக் கொழுந்துக் கூடையில் துடைத்தார்.

"அந்த லைட்டு எரிஞ்சா ஒங்கப்பா மொகம் செத்துப் போயிருது. வர்ற போற ஆளெல்லாம் பாத்துட்டு, என்னா தொர, என்னா தொரங்குறாங்க. அதான் சாமி பேரச் சொல்லி மூடி வச்சேன். அவரு கேக்கவும் இல்ல. நானும் சொல்லல."

"ஒங்களுக்குக் கை விசயம் தெரியுமா?"

"நானா தெரியாதவ? நாந்தான தண்ணி ஊத்துறேன்."

பெரட்டுக் கொம்பு ஊதியது. கூடையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் அம்மா ஆமா. அம்மா சொன்னால் நான் ஆமா. மூன்று பேரும் ஒரே வயர். சண்டையே கிடையாது. இதை எங்கள் வீட்டின் பெருமையாகவே நினைத்திருந்தேன். எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறேன்.


ஜூன் 21, திங்கள்

மூடுபனி. எட்டாம் வகுப்புக்குப் பின்னங்கள். சோக் முடிந்துவிட்டது, கரித்துண்டால் சுவரில்.

இன்று நடந்ததை அப்படியே எழுதவேண்டும்.

ரயில்வே கேட்டுக்கு முன்னால் நேர் ரோடு. வேன் மெதுவாகத்தான் போனது. அப்பா ஒரு கையால் பிடித்துக்கொண்டு ராமையா மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று ஸ்டியரிங் தானாக ஒரு வெட்டு வெட்டியது. இடது பக்கம். உடனே நின்றுவிட்டது. அப்பா பிடித்து நேராக்கினார். ப.டீ.யின் பை மடியிலிருந்து விழுந்தது.

"என்ன அண்ணை இது!"

அப்பா சிரித்தார். "ஒண்ணுமில்ல டீச்சர். டெய்லி போற பாததான? வண்டிக்கே வழி தெரிஞ்சு போச்சு."

"அப்ப தொரைக்கு இனி சம்பளம் கெடையாது. வண்டிக்கே குடுத்துருவோம்" என்றார் ராமையா மாமா. வேனே சிரித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

விளக்கு எரியவில்லை. எரியாது.

ப.டீ. மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. பள்ளிக்கூட வாசலில் கையைப் பிடித்துக்கொண்டார். "உமக்கு ஏதோ தெரியும். என்ன பிள்ளை?" மணி அடித்தது. நல்லவேளை என்று ஓடிவிட்டேன். நல்லவேளையா?


ஜூன் 22, செவ்வாய்

கராஜுக்குத் தனியாகப் போனேன். வெளியே டயர்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். சுனில் பாஸ்தான் கண்டு கூப்பிட்டார்.

"என்ன துவ? அப்பா வரல்லியா?" எல்லாப் பெண் பிள்ளைகளையும் மகள் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஜீப்பின் தூசி படிந்த பொனட்டில் விரலால் இரண்டு கோடு போட்டேன். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும், இப்போது காட்டிக்கொடுக்க ஆள் இல்லை என்றேன். நேற்று நடந்ததையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கிட்டே வந்து குனிந்து கேட்டார். சிரிக்கவில்லை.

"நான் மோடயா இல்ல துவ, மடையன் இல்ல. எனக்கும் தெரியும். லைட் எரிஞ்சா மோட்டர் நிக்கும். வளைவுல மோட்டர் நின்னா ஒங்க அப்பாவுக்கு ஏலுமா? அவர் கை நான் பாத்தேன். ஒரு ஸ்பேனர் தூக்கிக் குடுக்க ஏலல்ல. அதுக்குத்தான் கட்டினேன். இல்லாட்டிக் கட்ட மாட்டேன்."

அப்படியானால் இவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும், தனித்தனியாக.

அவர் செய்தது தப்பு. அவர் சொன்னது தப்பு இல்லை. புத்தகத்தில் பாதுகாப்பான நிலை என்று எழுதியிருப்பது எங்கள் அப்பாவுக்குப் பாதுகாப்பு இல்லை.

பிறகு மெதுவாக வந்தது: "கனத்துப் போனா அவருக்குத் தெரியும் பாஸ். நிப்பாட்டலாம். தானாத் திரும்புனா திரும்புன பொறகுதான் தெரியும்."

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த கை.

"அண்ணே வந்து சொன்னா அவுக்கிறேன். வண்டி அவர்ட. ஒங்க பேச்சுக்கு ஏலா. வேற தண்டு ஒண்ணு கொழும்புல கேட்டுப் பாக்கிறேன். கெடைக்கும். கொஞ்ச நாள் சுணங்கும்."

வரும்போது ராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்க மறந்துவிட்டேன்.


ஜூன் 24, வியாழன்

அப்பாவிடம் சொல்லவேண்டியவை. பள்ளிக்கூடத்தில், கொப்பியின் பின்பக்கம் எழுதியது:
1. வயர் விசயம்.
2. திங்கட்கிழமை வெட்டு எதனால்.
3. கை.
மூன்றாவதை அடித்துவிட்டு, திரும்பவும் எழுதினேன்.

பின்னேரம் மழை இல்லை. அப்பா மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் வேன் கழுவிக்கொண்டிருந்தார். கூரைக்கு எட்டவில்லை, இடது கையால் துணியை வீசி வீசி. நான் துணியை வாங்கிக்கொண்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே பேசுவது லேசாக இருந்தது.

முதலாவது, இரண்டாவது சொல்லி முடித்தேன். குறுக்கே பேசவில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று கேட்டாரா, மகள் இவ்வளவு பேசுகிறாளே என்று கேட்டாரா, தெரியவில்லை.

"சரி. பாஸ் கட்டுனத அவுத்துட்டா லைட்டு திரும்ப எரியும்."

"ஆமாப்பா."

"எரிஞ்சா ஸ்டியரிங் கனக்கும்."

"ஆமாப்பா."

"கனத்தா…"

முடிக்கவில்லை. பீலித் தண்ணீர் வாளியில் நிறைந்து வழிந்தது. இருவரும் நிறுத்தவில்லை.

"கனத்தா நிப்பாட்டுங்கப்பா. பாஸ் வேற தண்டு தேடுறாரு. அதுவரைக்கும்."

"நிப்பாட்டி? ஏன் நிப்பாட்டுனன்னு கேப்பான் ராமையா. என்னா சொல்ல? எனக்குக் கை வரல, எல்லாரும் எறங்குங்கன்னு சொல்லவா? நாளைக்கு எவன் ஏறுவான் என் வண்டில?"

முன்பெல்லாம் பழைய பஸ் ஏற்றத்தில் திணறினால் எல்லாரும் இறங்கி நடப்பார்கள். யாரும் வெட்கப்பட்டதில்லை. பஸ்ஸுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"அது பஸ்ஸு" என்றார் அப்பா. "இது நான்."

கூரையைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே.

போகும்போது திரும்பிச் சொன்னார். கோபம் மாதிரி, கேலி மாதிரி. "நான் சொல்ல மாட்டேன். ஒனக்கு வகுப்புலயே சத்தம் வராதுங்குறாங்க. முடிஞ்சா நீ சொல்லு பாப்போம்."


ஜூன் 25, வெள்ளி

அம்மா பொட்டு வைத்தார். மேலே ஒன்று. ஸ்டியரிங்கில் ஒன்று. மீட்டர்க் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து அப்படியே விட்டார்.

"அங்க வேணாமாம். நேத்து இருட்டுறதுக்குள்ள டவுனுக்குப் போய்ட்டு வந்தாரு. வந்து சொன்னாரு."

வேறு எதுவும் கேட்கவில்லை. வெயில். விளக்கு எரியவில்லை. ஆனால் எரியக்கூடிய விளக்கு. வித்தியாசம் எனக்கு மட்டும் தெரிந்தது. அப்பாவுக்கும்.

அப்பா ஒரே விரலால் திருப்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.


ஜூன் 26, சனி

துணி காயவில்லை. அடுப்படிக்கு மேலே கயிறு. பாக்கியம் அக்கா வீட்டு ரேடியோ பார்த்தேன், பற்றரி மாட்டிய பக்கம் தப்பு.

கண்ணாடி முன்னால் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா உள்ளே வந்து "யாரு கூடப் பேசுற?" என்றார். பூனை கூட என்றேன். எங்களிடம் பூனை இல்லை.


ஜூன் 28, திங்கள்

காலை மழை. நல்ல மழை. கண்ணாடித் துடைப்பான் அள்ளி அள்ளிப் போட்டும் ரோடு தெரியவில்லை. வேன் நிறைய ஆள். கிளினிக்குக்குப் போகிற லெச்சுமி அக்கா, வயிறு பெரிதாக, என் பக்கத்தில். பிள்ளைகள் மடிக்கு மடி. முன்னால் ப.டீ. கடைசியில் ராமையா மாமா, தலையில் பொலித்தீன் பை.

மாடசாமி வளைவுக்கு மேலே விளக்கு எரிந்தது. பொட்டு இல்லாத வெறும் சிவப்பு. ப.டீ. பார்த்தார். நான் பார்த்தேன். அப்பாவின் தோள் இறங்கியது. ஸ்டியரிங் கனத்துவிட்டது.

ஓட்டிவிடுவார் என்று நினைத்தேன். முழு உடம்பையும் போட்டு, மூச்சை அடக்கி, எப்போதும் போல. வளைவு வந்துகொண்டே இருந்தது.

நிறுத்தினார். மாடசாமி கல்லுக்குப் பக்கத்தில், மரத்தடியில். ஹேண்ட்பிரேக்கை இடது கையால் இழுத்தார்.

"என்னா தொர, சாமிக்குச் சூடம் காட்டவா?" ராமையா மாமா.

அப்பா முன்னால் பார்த்தபடி இருந்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கேலி இல்லை. அவர் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டார்.

"பள்ளிக்கூடம் லேட்டாகும் தொர" என்று யாரோ. கூரையில் மழை. லெச்சுமி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ப.டீ. திரும்பவில்லை. ஆனால் தன் கையை மட்டும் சீட்டுக்குப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டார்.

முதல் நாளே இங்கே எழுதியிருக்க வேண்டியது இதுதான். கதவை இழுத்துத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. வேனுக்குள் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்:

"எங்கப்பாவுக்கு வலது கை முடியலங்க. ஸ்டியரிங்கும் இப்ப கனத்துப் போச்சு. ஆள் எறங்குனா வண்டி லேசாயிரும், மெல்லத் திருப்பிருவாரு. லெச்சுமி அக்கா மட்டும் என் கையப் புடிச்சுக்கங்க. இந்த வளைவு தாண்டுற வரைக்கும் எல்லாரும் எறங்கி நடப்பமா?"